கஞ்சனின் இரண்டு சிறுநீரகங்கள்

மார்ச் 4

அவசர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ். இன்று முதல் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரும் நானே. பட்டம் நீளம், சட்டையில் குத்தும் பெயர் அட்டை குட்டை. 'உறுப்பு தான ஒருங்' என்பதோடு நின்றுவிட்டது. காலையிலிருந்து நாலு பேர், "ஒருங்னா என்ன சிஸ்டர்?"

மூளைச் சாவு என்று டாக்டர்கள் உறுதி செய்த பிறகு, வீட்டாரிடம் போய்த் தானம் கேட்க வேண்டும். அதுதான் வேலை. எனக்கோ பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 6

ஒத்திகை. வீட்டுக்காரரை சோபாவில் படுக்க வைத்தேன். நாற்காலியில் தலையணை, அதுதான் மனைவி.

"உங்க கணவர் இறந்துட்டார்."

பிணம் கண்ணைத் திறந்தது. "கொஞ்சம் இதமா சொல்லேன். தூக்கிவாரிப் போடுது."

இதமாகச் சொல்லப் போய் நானே அழுதுவிட்டேன். பிணம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தது.

மார்ச் 11

மானம் போச்சு.

மூளைச் சாவு உறுதியான மூன்றாம் எண் படுக்கை நோயாளியின் வீட்டார் வெளியே இருக்கிறார்கள் என்றார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து, மெல்லக் கையைப் பிடித்து, கேட்டேன்.

"கால் உடைஞ்சதுக்குக் கிட்னிய எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் எட்டாம் எண்காரரின் மனைவி! சக்கர நாற்காலியிலிருந்த எட்டாம் எண்காரர் காதில் அது விழுந்து, ஒற்றைக் காலில் நொண்டியே வாசல்வரை போய்விட்டார். பெரிய டாக்டர், "சிகிச்சையே இல்லாம ஒருத்தனை நடக்க வெச்சிட்டியே" என்றார்.

சிரிப்பு அதோடு சரி. நிஜமான மூன்றாம் எண்காரரின் மகன் இந்தக் கூத்தை முழுக்கப் பார்த்திருந்தார். வேண்டாம் என்றார். வேறு என்ன சொல்வார்? எங்கேயோ உறுப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது என்னால் கிடைக்காமல் போனது.

மார்ச் 12

பெயரைக் கேட்காமல் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

மார்ச் 19

சைக்கிள் சறுக்கி, தலையில் அடிபட்ட கணக்கு வாத்தியார். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஒரே துணை அக்கா. விதிப்படி இரண்டு முறை பரிசோதித்துவிட்டு, பெரிய டாக்டரே அக்காவிடம் சொல்லிவிட்டார் – மூளைச் சாவு.

தம்பியின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார் அக்கா. தம்பியின் பெயரை மூன்று முறை கேட்டேன்.

"அவன் பேருதான். எத்தனை தடவை கேப்பே?"

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, தம்பி போயிட்டாரு. மெஷின்தான் மூச்சு விடுது. அவரோட உறுப்புங்க வேற சில பேரைப் பொழைக்க வைக்கும். குடுக்கலாமா?"

என்னையே பார்த்தார். "யாரு, இவனா? குடுக்கறதா?" சிரிப்பு பீறிட்டது. "மழைக்குக் குடை கேட்டா, 'மழை நிக்கட்டும், தரேன்'பான். சோப்புல கோடு போட்டு வைப்பான், நான் தேய்ச்சேனான்னு பாக்க!"

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். காவலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்து? அவன் எழுந்து வேணாம்னு சொல்றதுக்குள்ள குடு."

"எழுந்திருக்க மாட்டாருக்கா."

"தெரியும்டி" என்றார்.

மார்ச் 20

இரண்டு சிறுநீரகம், கல்லீரல், இரண்டு கண். ஐந்து பேர். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை அக்கா தம்பியின் கையை விடவில்லை.

ஏப்ரல் 27

அக்கா வந்தார். யாருக்குப் போனது என்று நான் சொல்லக் கூடாது. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். யோசித்தார்.

"அதுல யாராவது திடீர்னு கஞ்சனாயிட்டா என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது. சொல்லி வை."

டீ வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் ஐந்தாம் எண் படுக்கைக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த மனைவி, கதவு மூடியதும் அங்கேயே நின்றுவிட்டார். அக்கா டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், அந்தப் பெண்ணை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லும்வரை நகரவில்லை.

கிளம்பும்போது, "வியாழக்கிழமை எனக்கு வேலையில்ல. இப்படி யார்கூடவாவது உக்கார வரேன்" என்றார்.