சங்க நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிய வரி

என் சாமு அண்ணாவுக்கு,

சிட்லபாக்கத்தில் நான் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் உன் சங்கம்தான்.

ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் சங்கத்துக்கு விழா மலர் போடுகிறார்களாம். இப்போதைய செயலாளர் வீட்டுக்கு வந்து, சங்கம் ஆரம்பித்த கதையை நான்தான் எழுதித் தர வேண்டும் என்றார். முதல் கூட்டத்தில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சமாம். எழுத்து அழகாக இருக்கிறது என்று ஸ்கூல் டீச்சரான என்னைப் பிடித்து உட்காரவைத்து நோட்டு எழுதச் சொன்னவன் நீதானே? அந்த நோட்டின் ஜெராக்ஸையும் கொடுத்துவிட்டுப் போனார். முதல் பக்கத்தில் உன் போட்டோ வருகிறது. நீ சிரிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார்கள். அப்படி ஒன்றுக்கு நான் எங்கே போவேன்?

பாதிக் கதை சந்தோஷமானதுதான். அதுவரை ஒருத்தர் வேலையை ஒருத்தர் தட்டிப் பறித்த ஆட்கள், என் வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். சங்கத்தின் சொத்து என்று முதலில் வந்தது ஒரே ஒரு நைட்ரஜன் சிலிண்டர். நம் தாம்பரம் வீட்டு வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் சங்கிலி போட்டு அதை நிறுத்தினாய். பல்லாவரத்தில் வேலையானாலும் பெருங்களத்தூரில் வேலையானாலும் வந்து எடுத்துப் போவார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால் தாம்தூம் என்று குதிப்பாய்.

அந்த சிலிண்டர் எதற்காக வந்தது என்று எழுதப் போனபோதுதான் கை ஓடவில்லை.

உன்னோடு கூட்டாக வேலை பார்த்த தேவராஜ் அண்ணன் அன்று பெருங்களத்தூரில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருந்தார். குழாயைப் பற்றவைத்த பிறகு, எங்காவது கசிகிறதா என்று நைட்ரஜன் ஏற்றிப் பார்க்க வேண்டும். அது வெகுதூரத்திலிருந்து வர வேண்டும். பற்றவைக்கக் கொண்டுபோன ஆக்ஸிஜனோ பக்கத்திலேயே இருந்தது. கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கும், அதில் ஆக்ஸிஜன் அழுத்தமாகச் சேர்ந்தால் வெடிக்கும் என்று பிறகுதான் நீ எனக்குச் சொன்னாய். அவர் கடையிலிருந்து உனக்கு போன் பண்ணினார். நான் பக்கத்து நாற்காலியில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் ஆக்ஸிஜனையே போட்டுப் பாத்துடு தேவா. சாயங்காலம் கடையத் தொறக்கணும்னு அந்தாளு கத்தறான்" என்றாய்.

அரை மணி நேரத்தில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை பேசியது தேவராஜ் அண்ணன் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த முதல் கூட்டம். ஆக்ஸிஜன் ஏற்றிப் பார்க்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் என்றாய். ஒரு கையும் எழவில்லை. சங்கம் அங்கே பிறந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். நோட்டில் எழுதச் சொல்லி நீ ஒரு வரி சொன்னாய்: தேவராஜ் தன் கவனக்குறைவால் உயிரிழந்தார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். நான் எழுதிவிட்டேன்.

இன்றைக்கும் கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்று, ஆக்ஸிஜன் ஏற்றிச் சோதிக்க மாட்டேன் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நீ. ஆனால் கடைசிவரை நீ மட்டும் அதை வாய் திறந்து சொன்னதில்லை. நோட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியும். கிறிஸ்துமஸ் தவறாமல் தேவராஜ் அண்ணன் வீட்டுக்குக் கேக் கொண்டுபோவாய். கேட்டில் நின்றே கொடுத்துவிட்டு வந்துவிடுவாய், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய். வருத்தமா அண்ணா, பயமா? நான் ஏன் ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை?

போன செவ்வாய்க்கிழமை அவர் மகள் மாலதி வந்தாள். அன்று கைக்குழந்தை. இன்று அவளும் ஏசி வேலைதான் பார்க்கிறாள், சங்கத்தில் புது உறுப்பினர். மலருக்கு உதவப் போன இடத்தில் அந்த நோட்டைப் படித்திருக்கிறாள். அவள் அப்பா அவ்வளவு அவசரக்காரரா என்று கேட்டாள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று மழுப்பினேன். காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு அப்பா யாருக்கோ போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சாராம் டீச்சர். அம்மா இன்னும் சொல்லிகிட்டே இருப்பாங்க. யாருன்னுதான் தெரியல."

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன் மகன் ஜேம்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறான். அப்பாவே போய்விட்டார், இப்போது எதற்கு அத்தை இதெல்லாம் என்கிறான். அவன் கேட்பதிலும் தப்பில்லை. நீ கெட்டவன் இல்லை. வாசலில் நின்ற அந்த சிலிண்டரால் எத்தனை பேர் பிழைத்தார்களோ, யார் கண்டது? ஆனால் மாலதியின் அம்மா இத்தனை வருஷம் தனியாக நின்று, அவர் கேட்டுத்தான் செய்தார், கேட்டுத்தான் செய்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை நம்பாதவர்கள் கையில் நான் எழுதிய வரி இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் அண்ணா. என்மேல் அதைவிடக் கோபம்.

மலருக்கு எழுதி முடித்துவிட்டேன். நீ போனில் சொன்னது, நான் கேட்டது, கேட்டும் அந்த வரியை எழுதியது, எல்லாம் இருக்கிறது. செயலாளரிடம் இன்னும் கொடுக்கவில்லை. நாளைக் காலை முதலில் பீர்க்கன்கரணையில் தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நீ நின்ற கேட்டைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து, அந்த அம்மாவுக்கும் மாலதிக்கும் வாசித்துக் காட்டுவேன். உன் பெயர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன், என் பெயர் வருகிற இடத்திலும். அதன் பிறகும் அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால், உனக்கும் சேர்த்துக் குடித்துவிட்டு வருவேன்.

அன்று போனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த
உன் தங்கை,
எஸ்தர்