டின்னின் பின்பக்கத்தை நான் படிக்கவில்லை

என் அன்பு மகளுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உன் அண்ணன் போனில் உன்னிடம் சொன்னதைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். எனக்கு நடுக்கவாதம் கிடையாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவும் இல்லை. நரம்பு டாக்டர் சொன்னது, "பார்க்கலாம்மா, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பது மட்டும்தான். அந்தப் "பார்க்கலாம்" என்பதை உன் அண்ணன் காரில் ஏறுவதற்குள் ஒரு நோயாக்கி, வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் முற்றிய நோயாக்கி, உன்னிடம் சொல்லும்போது என்னைப் படுக்கையிலேயே போட்டுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் நீ கீழே விழுந்தால் நீ அழுவதற்கு முன்னால் அவன்தான் அழுவான். ஆனால் அதைக் கேட்டு நீ மாதக் கடைசியில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறேன் என்று சொன்னாயாமே, அதை முந்தாநாள்தான் உன் அண்ணி வாய் தவறிச் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, விரைவுத் தபால் ஏழு நாளில் போய்விடும் என்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா சமாளிக்கிறாள் என்பீர்கள் இரண்டு பேரும். கையெழுத்துக்குச் சமாளிக்கத் தெரியாது. இந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஒரு கொம்பாவது ஒரு சுழியாவது நெளிந்திருக்கிறதா என்று தேடிப் பார், பிறகு மேலே படி.

நீ கலந்து உருவாக்கிய முதல் காப்பி என்று சொல்லி ஒரு கிலோ டின் அனுப்பினாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். முன்பக்கத்தில், கலவை உருவாக்கியவர் என்று போட்டு உன் பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே காட்டியிருப்பேன். "காப்பியை நக்கிப் பார்க்க ஒரு படிப்பா, அதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா" என்று அவர் கேட்டபோது உன் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான். அந்த டின் நசுங்காமல் கீறல் விழாமல் இருக்க வேண்டும் என்று தூளை அன்றைக்கே கண்ணாடி ஜாடியில் கொட்டிவிட்டு, டின்னைத் துடைத்து, உன் பெயர் வெளியே தெரிகிற மாதிரி முன்னறை அலமாரியில் உன் பட்டப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மருந்துக் கடை ரசீதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கூடக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறவள் நான், உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் உன் டின்னின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. முன்பக்கமே எனக்குப் போதுமாக இருந்தது.

பழைய தூளுக்குப் போடுகிற அளவே போட்டேன், கோப்பைக்கு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு நான்கு கோப்பை. முதல் பத்து நாள் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது போ. எல்லா அலமாரியையும் ஒழித்துத் துடைத்தேன், திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தேன், மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் துணி ரசீதுகளைக் கூட அடுக்கிக் கொடுத்தேன். "என்னக்கா, திடீர்னு இருபது வயசு குறைஞ்சு போச்சு" என்றாள். எல்லாம் என் பெண் போட்ட காப்பி என்று அவளிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது, அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பதினோராம் நாள் செவிலியர் கல்லூரியிலிருந்து வழக்கம்போல நான் கையால் பெயர் எழுதித் தர வேண்டிய சான்றிதழ் அட்டைகள் வந்தன, இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த அட்டைகள் வரிசை எண் போட்டவை, ஒன்று கெட்டாலும் காரணம் எழுதித் திருப்பித் தர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் கெடுத்தவை மொத்தம் ஒன்பது. அன்று காலை மட்டும் மூன்றைக் கெடுத்தேன். பட்டை நிப் பேனாவை அட்டையில் வைத்ததுமே அது என் கையில் நிற்காமல் புழு மாதிரி நெளிந்தது. மூன்றாவது அட்டையை மை ஒற்றும் தாளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இரண்டு மணி நேரம் ஒளித்து வைத்தேன், பிறகு வெட்கமாகி எடுத்துப் பட்டியலில் எழுதினேன். கான்வென்ட்டில் மதர் எழுத்துக் கற்றுக் கொடுத்த கை இது. அழித்து எழுதினால் விரலில் ஸ்கேலால் அடிப்பார், அந்த அடி கூட அன்றைக்கு வலித்த மாதிரி வலித்ததில்லை.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் வந்தபோது கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாளே நரம்பு டாக்டர். அவர் தாளில் ஒரு சுருள் வட்டம் வரையச் சொன்னார், நான் வரைந்தது கடல் அலை மாதிரி இருந்தது. காப்பி, டீ எவ்வளவு என்று கேட்டார். அளவோடுதான், நாலு வேளை, என் பெண்ணே தயாரித்தது என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, காப்பி அளவோடு என்று எழுதிக்கொண்டார். தப்பு அவர் மேல் இல்லை. அதற்குள் கல்லூரிப் பதிவாளர் காதுக்குச் செய்தி போய், "அம்மா, இந்தத் தடவை மெஷின்ல அடிச்சுக்கலாமா, உங்களுக்கும் சிரமம் வேண்டாம்" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மிகவும் மரியாதையாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் உன் அண்ணன் நான்கு அட்டைப்பெட்டிகளோடு வந்தான். "அம்மா, தனியா இருந்தது போதும், கிளம்பு, கையில சுடுதண்ணி கொட்டிக்கிட்டா யார் பார்க்கிறது" என்று அவன் ஒரு பக்கம், என் மை புட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உன் அண்ணி ஒரு பக்கம். என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது நான் எதை வைத்துப் பேசுவது.

அன்றைக்குத்தான் உன் அண்ணி அலமாரியைத் துடைத்தாள். எதையும் எடுத்த மாதிரி திருப்பி வைக்கத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி நான் உன்னிடம் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், உன் டின்னையும் முன்னும் பின்னும் மாற்றித்தான் வைத்துவிட்டுப் போனாள். அவர்கள் போன பிறகு நல்ல வசை ஒன்றை மனதுக்குள் தயார் செய்துகொண்டே அதைத் திருப்பப் போனேன். பின்பக்கத்தில் கடுகு அளவு எழுத்தில் நான்கு வரி. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சாதாரணக் காப்பியைவிட மூன்று மடங்கு காஃபீன், நாளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம், முதியவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கவும் என்று இருந்தது. நான்கு கோப்பை, மூன்று மடங்கு, எழுபத்தாறு வயதுக்காரி ஒருத்தி ஒரு நாளில் பன்னிரண்டு கோப்பைக்குச் சமமாகக் குடித்துவிட்டு, என் கை ஏன் ஆடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உன் அண்ணிக்கு அன்றே போன் செய்து நன்றி சொன்னேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை, "அத்தை, உடம்புக்கு எப்படி இருக்கு" என்று இன்னும் பயந்துபோய்க் கேட்டாள்.

காப்பியை அன்றோடு நிறுத்தினேன். இரண்டாம் நாள் தலைவலி, தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. ஐந்தாம் நாள் கை நின்றுவிட்டது. நின்றால் போதுமா, காரணம் இதுதான் என்று நிரூபிக்க வேண்டாமா. ஒன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அதே அளவில் ஒரே ஒரு கோப்பை குடித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஒரே வரியை நோட்டில் எழுதினேன், பக்கத்தில் நாடித் துடிப்பையும் எண்ணிக் குறித்தேன். குடிக்கும் முன் எழுபத்திரண்டு. பத்து மணிக்கு எண்பத்தெட்டு, ழகரத்தின் வால் நெளிந்தது. மூன்று மணிக்குப் பிறகுதான் வரி நேரானது. நோட்டையும் டின்னையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் திட்டினார், இந்த வயதில் யாரையும் கேட்காமல் சோதனை செய்யலாமா, இதயம் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும், காப்பியையும் ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும் என்று. சரி என்று ஒப்புக்கொண்டேன், இனிமேல் செய்ய மாட்டேன். பிறகு நோட்டைப் புரட்டிவிட்டு, "என்கிட்ட படிக்கிற பசங்க கூட இவ்வளவு சுத்தமா குறிப்பு எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். மறுபடியும் சுருள் வரையச் சொன்னார், வரைந்தேன், அவர் அதைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியாததா, இருந்தாலும் அவர் விளக்கியதை எழுதுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று நீ பார். உடம்பு களைத்தால் மூளைக்கு ஒரு சேதி போகும், காஃபீன் அந்தச் சேதி போய்ச் சேருகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். "களைப்பு எங்கயும் போகலம்மா, அது கதவைத் தட்டறது உங்களுக்குக் கேட்கல, அவ்வளவுதான்" என்றார். அதோடு இதயத்தையும் நரம்பையும் விரட்டிவிடும், அதுதான் படபடப்பும் நடுக்கமும். குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகுமாம், சிலருக்கு அதைவிட அதிகமாம். அதனால் நான் ஒரு கோப்பை வெளியே போவதற்கு முன்னால் இன்னொன்றை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது காலையில் ஒரே ஒரு கோப்பை, பழைய தூளில். உன்னைப் பற்றியும் கேட்டேன். நாளெல்லாம் காப்பி ருசி பார்க்கிற பெண்ணுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டதற்கு, விழுங்காமல் துப்பினால் உள்ளே போவது கொஞ்சம்தான் என்றார். நீ துப்புவாய் என்று எழுதியபோது, கான்வென்ட்டில் படிக்க வைத்த பெண் எல்லார் முன்னாலும் துப்புகிறாளே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போது சொல்கிறேன், தாராளமாகத் துப்பு. வெறும் வயிற்றில் மட்டும் ஆரம்பிக்காதே.

பதிவாளர் முன்னால் போய் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் அவர் பெயரையே எழுதிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "மெஷின்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். கெட்ட மூன்று அட்டைகளுக்கும் காரணம் காப்பி என்று எழுதிக் கொடுத்தேன், அப்படி ஒரு காரணம் படிவத்திலேயே இல்லையே என்று சிரித்தார். நேற்றுவரை நூற்று நாற்பது எழுதியாகிவிட்டது, ஒன்றும் கெடவில்லை. உன் அண்ணன் அட்டைப்பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "நான் பயந்துட்டேம்மா" என்றான். நானும்தான் என்று சொன்னேன். அதை அவனிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

இனி உன் விஷயம். நீ வேலையை விடக் கூடாது. எனக்காக என்று சொல்லி வேலையை விட்டால் அதை நான் எந்த அலமாரியில் வைப்பது. நான் வேண்டும்போது உன்னைக் கூப்பிடுவேன், கூப்பிடத் தெரியாதவள் இல்லை. ஆனால் ஒன்று செய்ய வேண்டும். அந்த நான்கு வரியை டின்னின் முன்பக்கத்துக்குக் கொண்டு வா, உன் பெயருக்குக் கீழே, உன் பெயர் அளவு எழுத்தில், கண்ணாடி போடாமல் ஒரு கிழவி படிக்கிற மாதிரி. முதலாளி முகம் சுளிப்பார், விற்பனை குறையும் என்பார். என் நோட்டின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன், எடுத்து அவர் மேஜையில் போடு, இது என் அம்மா என்று சொல். நல்ல பொருள் செய்திருக்கிறாய் மகளே, வாசனையும் ருசியும் நான் குடித்ததிலேயே முதல் தரம், அதைச் சொல்ல நான் தயங்கமாட்டேன். நல்ல பொருளைச் செய்தவள் அதன் பலத்தை மறைவில் வைக்க வேண்டியதில்லை.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ, பல் டாக்டரைப் பார்க்க வேண்டியதைத் தள்ளிப் போடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. வேலையை விடவில்லை என்றும், அந்த வரிகளைப் பற்றி முதலாளியிடம் என்ன பேசினாய் என்றும் உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா