ரெண்டுலயே அடிப்பேன்

மார்ச் 4

பல் டாக்டர்கூட விடவில்லை. "சார், ஒரே ஒரு தடவ அந்த வசனம்." பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "மூணு எண்ணுவேன். ரெண்டுலயே அடிப்பேன்." நர்ஸ் சிரித்துவிட்டாள். "ரொம்ப வலிக்குதா சார்? குரல் கீச்சுன்னு வருதே."

வலியும் இல்லை, மண்ணும் இல்லை. என் குரலே அதுதான். ஏழு வருடம் டிவி தொடரில் இரும்பண்ணனாக முறைத்தது நான். பேசியவன் டப்பிங்காரன். பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் என் மூஞ்சி, அதற்குக் கீழே அவன் முழக்கிய வசனம்.

மார்ச் 11

புதுத் தொடர். மகளைப் பறிகொடுத்த அப்பா. அடிதடியே கிடையாது. சொந்தக் குரல்தான் என்று இயக்குநர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மார்ச் 29

சத்தியமாம் சத்தியம்! "சேனல்ல ஒத்துக்கல சார். ஜனங்க அந்தக் குரலத்தான் எதிர்பாக்குறாங்க. பழைய டப்பிங்காரர்கிட்ட காட்சிய அனுப்பிட்டோம்."

மகளுக்காக நான் அழுத அந்த அழுகை என் அடிவயிற்றிலிருந்து வந்தது. அதையும் அவனுக்குத் தூக்கிக் கொடுப்பார்களா? அப்புறம் நான் எதற்கு? அட்டைப் பொம்மை போதாதா?

வீட்டுக்கு வந்து கத்தினேன். "அங்க வாயத் திறக்காம வந்துட்டு இங்க எதுக்குக் கத்துறீங்க?" என்றாள் மனைவி. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மார்ச் 30

டப்பிங்காரர் வீட்டுக்கே போய்விட்டேன். ஏழு வருடத்தில் நேரில் பார்த்ததில்லை. நான் நடித்து முடித்த பிறகுதானே அவர் வேலை! ஒல்லிக்குச்சி மனிதர். "வாங்க, உக்காருங்க" என்றார். இரும்பண்ணன் குரல். ரத்தம் கொதித்தது.

"என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?"

அவருக்கு என்னைவிடக் கோபம். "நானா போடுறேன்? கடையில வாயத் திறந்தா, 'இரும்பண்ணன் மாதிரியே மிமிக்ரி பண்றீங்களே'ங்குறான்! என் தொண்டையில வர்றது உங்க குரலாம்!"

யோசித்துக்கொண்டு வந்த வசவெல்லாம் வீண். கிளம்ப எழுந்தேன்.

வாசல்வரை வந்தார். "அந்த அழுகையப் பாத்தேன். அது எனக்கு வராது. மாட்டேன்னு சொல்லிடுறேன்."

ஏப்ரல் 6

மறுத்தேவிட்டார். அதே மாதிரி பேச வேறு ஆள் சிக்கவில்லையாம், ஒளிபரப்புக்கு நேரமும் இல்லையாம். வேண்டா வெறுப்பாக என் குரலையே விடுகிறார்கள்.

ஏப்ரல் 20

முதல் பகுதி வந்துவிட்டது. கைபேசி முழுக்கத் திட்டு. "யார்யா டப்பிங்? காதுல ரத்தம் வருது." "இரும்பண்ணனுக்கு எவன்டா இந்தக் கீச்சுக் குரலக் குடுத்தது?" ஒன்று விடாமல் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

டப்பிங்காரர் அழைத்தார். "என்ன சார், சரியான திட்டு போல?"

"ஆமா," என்றேன். "மொத்தமும் எனக்குத்தான்."