யாரும் தள்ளவில்லை

ஜூன் 20, வெள்ளி

மழை விடவில்லை. பள்ளி மைதானத்துக் கூடைப்பந்துக் கோர்ட்டில் தண்ணீர் கட்டிக் கிடப்பதால் பயிற்சி இன்றும் கிளப்பின் உள்ளரங்கில்தான். உள்ளரங்கம் என்று பெயர். கூரை இருக்கிறது, சுவர் பாதி, அதற்கு மேலே வலை. மூடுபனி உள்ளே வந்து தரையில் வியர்வை மாதிரி பூக்கிறது. புது பெயின்ட் அடித்த பிறகு இன்னும் மோசம். பக்கத்து வீட்டு டின்சியும் நானும் பழைய போர்வையை இழுத்துக்கொண்டு ஓடி ஓடித் துடைத்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை இதே ஹாலில் மூணாறு அணியுடன் இறுதி ஆட்டம். கற்பகம் வருவாள். போன வருடம் மாவட்ட அணியில் இரண்டு பேரும் ஒரே அறை. அவளை எதிர்த்து ஆடுவது தனி சந்தோஷம்.

ஜூன் 22

கற்பகம் விழுந்துவிட்டாள். எழுத முடியவில்லை.

ஜூன் 23

கடைசிக் குவார்ட்டருக்கு முன்னால் இரண்டு அணியும் தரை வழுக்குகிறது என்று சொன்னோம். எங்கள் கோச் ஜிஜி மிஸ்ஸும் ரெஃப்ரியிடம் போய்ச் சொன்னார். சிறப்பு விருந்தினர் பரிசு கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். கொஞ்ச நேரம்தானே, பார்த்து ஆடுங்கள் என்றார்கள் கிளப் கமிட்டிக்காரர்கள். எப்படிப் பார்த்து ஆடுவது? நடந்துகொண்டா?

கற்பகம் பந்தோடு பாய்ந்து வந்தாள். நான் பக்கத்தில் ஓடினேன். கூடைக்குக் கீழே எம்புவதற்காக இடது காலை ஊன்றினாள் — அந்தக் கால் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. முட்டி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். தலை தரையில் மோதிய சத்தம். பந்தைத் தடுக்கத் தூக்கிய என் கை அப்படியே தூக்கினபடி இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். தள்ளிட்டா, தள்ளிட்டா என்று ஒரே கூச்சல். விசில். ஃபவுல் என் பேரில்.

தொட்டேனா? தொடவில்லை. தொடவே இல்லை.

ஜூன் 26

கற்பகத்தைத் தேனிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முட்டியில் தசைநார் அறுந்துவிட்டதாம், ஆபரேஷன். ஆகஸ்டில் போலீஸ் அணித் தேர்வுக்குப் போக இருந்தவள். தலையில் அடிபட்டதில் ஆட்டமே நினைவில்லையாம்.

ஜூன் 29

கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. தரை ஈரம் என்றேன். "மத்த பிள்ளைகளும் அதே தரையிலதானே ஓடுச்சு?" என்றார் ஒருவர். தப்பிக்கப் பார்க்கிறேனாம். இந்த சீசன் முழுக்க நான் ஆடக்கூடாது.

வெளியே வந்ததும் மிஸ் என் தோளில் கைபோட்டார். "விடு மோளே. தரைதான் காரணம்னா ஹாலைப் பூட்டிருவாங்க. இந்த ஹாலை விட்டா மழைக்கு நமக்கு வேற கோர்ட் இல்ல. சின்னப் பிள்ளைங்க எங்க போகும்?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 2

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது அம்மாவிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், ஒம் மகளுக்கு அம்புட்டுக் கோவமா என்று. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டின்சிதான் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவும் நானும் மூணாறு போனோம். கற்பகத்தின் அப்பா வேல்முருகன் வாசலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதோம்," என்றாள் அம்மா. அவர் அம்மாவை மட்டும் பார்த்துத் தலையசைத்து ஒதுங்கினார். கற்பகத்தின் அம்மா பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கற்பகம் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். மற்றவர்கள் வெளியே போனதும் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல டின்டு. நீயே சொல்லு. தள்ளுனியா?"

"இல்ல. கால் வழுக்கிருச்சு."

போர்வையை முட்டி மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ தள்ளியிருந்தாக்கூடத் தேவலை," என்றாள். "கோவப்பட ஒரு ஆளாவது இருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தவள் எங்கள் ஊர் வண்டிப்பெரியார் வரை விடவில்லை.

ஆகஸ்ட் 3

என் இடத்தில் இப்போது டின்சி ஆடுகிறாள். பதினாறு வயது, காற்று மாதிரி ஓடுகிறாள். ஈரமா இருந்தா எம்பாதடி என்றேன். "எம்பாம எப்படிக்கா கூடையில போடுறது?" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 10

கால் எப்படி இருக்கிறது என்று கற்பகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டின்சி.

பயிற்சிதான், ஆட்டம்கூட இல்லை. நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். தனியாக ஓடினாள், தனியாக எம்பினாள், இறங்கிய கால் சறுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. கணுக்கால் எலும்பு முறிந்து தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு... நான் போய் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜிஜி மிஸ் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

கடவுளே, இதற்கு நானே தள்ளியதாக இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 27

ஹாலைப் பூட்டிவிட்டார்கள். என் மேல் இருந்த தடையையும் நீக்கிவிட்டார்களாம், மிஸ் போனில் சொன்னார். அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. நான் நன்றி என்றேன். எதற்கு நன்றி?

டின்சி காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். "நீங்க சொன்னீங்கல்லக்கா," என்றாள். அவள் தலையை வாரிப் பின்னிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31

மத்தியானம் வேல்முருகன் மாமா கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"பக்கத்துல யாருமே இல்லையாமே."

"இல்ல மாமா."

"நீதான்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன் பாப்பா," என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை இல்லையே.

பிறகு கற்பகம் போனை வாங்கினாள். டின்சி அழுதாளா என்று கேட்டாள். இன்னும் அழவில்லை என்றேன். நாளைக்கு அப்பா ஜீப்பில் கூட்டிக்கொண்டு வருகிறார், அவளைப் பார்க்க வேண்டும், நீயும் கூட இரு என்றாள். இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாளாம்.

"அங்க மழையா?"

"மழைதான். ஆஸ்பத்திரி வாசல் ஈரமா இருக்கும். நீயா எறங்காத, நான் வந்து பிடிச்சுக்கிறேன்."

சரி என்றாள்.