கிழக்கு மதகு

ஜூன் 30, திங்கள்

இன்றும் பனியன் சாம்பிள் திரும்பி வந்துவிட்டது. கழுத்துப் பட்டி அலை அலையாக நிற்கிறதாம். வெளிநாட்டு பையருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதுவதே என் உத்தியோகம்.

சேவூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராகப் புது கேமில் உட்கார்ந்தேன். அணை நீரில் மூழ்கிய ஒரு ஊர். காணாமல் போன அண்ணனைத் தேடி நோரா என்ற பெண் போகிறாள். எலியாஸ் என்ற கிழட்டுப் படகோட்டி அவளை ஏற்றிக்கொண்டு போகிறான். ஒருமுறை முடிவெடுத்தால் எடுத்ததுதான், பின்னால் போய் மாற்ற முடியாது. கதவைத் திறப்பதற்குக் கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பூபாலனும் நேற்று இதைத்தான் லைவில் ஆரம்பித்திருக்கிறான். நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய சேனல். அவன் விளையாடுவான், நான் பக்கத்தில் இருந்து அவர்கள் பேசும் இங்கிலீஷை நம் ஊர்த் தமிழில் சொல்லுவேன். ஜனங்கள் என் குரலுக்காக வந்தார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதினார்கள். போன தீபாவளி சமயத்தில் அப்பாவுக்கு யாரோ போன் செய்து ஏதோ சொல்ல, எல்லாம் நின்றது. "ஊட்டுல பிரச்சனைன்னா நீங்க வெலகிக்கங்க தேஜஸ்ரீ, சேனல நான் பாத்துக்கறனுங்க" என்றான் பூபாலன். எவ்வளவு நல்லவன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஜூலை 2, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகத்தான் பேச்செடுத்தார். "தனியா வெளையாடறதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்றதில்ல கண்ணு. அன்னிக்கு அந்தப் பையனே போன் போட்டுச் சொன்னதுக்கப்பறந்தான் எனக்குச் சங்கடமாப் போச்சு."

"எந்தப் பையனுங்கப்பா?"

"உங்கூட வெளையாடுவானே, பூபாலன். 'உங்க பொண்ணு எங்கூட லைவ்ல சிரிச்சுப் பேசறத ஊரே தப்பாப் பேசுதுங்க, நீங்களே நிறுத்திருங்க'ன்னான். நல்ல பையன், நம்ம மானத்தைப் பாக்கறான்னு நெனச்சேன்."

எத்தனை மாதம் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தார்! அம்மா எத்தனை நாள் அழுதாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு சித்தப்பனையும் அத்தையையும் மனசுக்குள் வைது தீர்த்தேனே. எல்லாம் இவன். சேனல் ஓட ஆரம்பித்ததும் நான் வேண்டாதவளாகிவிட்டேன். அதை என்னிடம் சொல்லத் துப்பில்லாமல் என் அப்பாவை வைத்து என்னை வெட்டியிருக்கிறான்.

ஜூலை 3, வியாழன்

அவனைச் சும்மா விடக்கூடாது.

ஜூலை 5, சனி

கேமை முடித்துவிட்டேன். கடைசியில் எலியாஸ் அணையின் மதகுக்குக் கீழே மாட்டிக்கொள்கிறான். இரண்டு மதகுகள். ஒன்றைத் திறந்தால் வெள்ளம் வேறு பக்கம் போய் அவன் பிழைப்பான். இன்னொன்றைத் திறந்தால் அவன் மேலேயே வரும். இரைச்சல் மிகுந்த ரேடியோவில், அவன் கரகரத்த குரலில் ஒரே ஒரு தடவை சொல்கிறான் – நான் கிழக்கில் இருக்கிறேன், மேற்கைத் திற. நான் மேற்கைத் திறந்தேன். கிழவன் நனைந்த நாய் மாதிரி தலையை உதறிக்கொண்டு மேலே வந்தான். கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் அவன் லைவ் பார்த்தேன். பாதிக்குப் பாதி தப்பாக அர்த்தம் சொல்கிறான். நோரா "எனக்கு நீச்சல் தெரியாது" என்கிறாள், இவன் "தண்ணி சில்லுனு இருக்காமா" என்கிறான். எனக்கு அத்தனை சந்தோஷம். வேறு யாருடைய வீடியோவையும் பார்க்க மாட்டேன், யாரிடமும் கேட்க மாட்டேன் என்று வேறு சத்தியம் செய்திருக்கிறான். பார்ப்பவர்களுக்கு எலியாஸ் என்றால் உயிர். "தாத்தாவைக் காப்பாத்திருங்க ப்ரோ" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரியாக ரேடியோ பேசியதும் நிறுத்திவிட்டான். "எல்லாம் புரிஞ்சுதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தாத்தா பத்திரமா வருவாரு, என்ர கேரண்டி."

புரிந்ததாம்.

ஜூலை 7, திங்கள்

கேட்காமலே கையில் வந்து விழுந்தது.

கவிப்பிரியா என் பக்கத்து சீட். அவளுக்கும் பூபாலனுக்கும் நிச்சயம் ஆகி, ஆவணியில் கல்யாணம். எனக்கும் அவனுக்கும் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. டீ நேரத்தில், அவன் அனுப்பிய ரேடியோப் பேச்சைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தாள். "தேஜூ, இதக் கொஞ்சம் கேளேன். ஈஸ்ட்டுங்கறான், வெஸ்ட்டுங்கறான். எதத் தொறக்கச் சொல்றான்னு அவருக்குப் புடிபடல. நாங் கண்டுபுடிச்சுச் சொல்றனுங்கன்னு சொல்லிப் போட்டேன். எங்கிட்ட மொதத் தடவையா ஒண்ணு கேக்கறாரு புள்ள."

எலியாஸின் அதே கரகரப்பு. இரண்டு தடவை கேட்பதுபோல் கேட்டேன்.

"மேற்குல மாட்டிக்கிட்டானாம். கிழக்கு மதகத் தொறக்கச் சொல்றான்."

"நல்லாக் கேட்டயா?"

"நல்லாவே கேட்டேன்."

அவள் அப்படியே டைப் செய்து அனுப்பினாள். கை தட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதை என்னிடம் காட்டினாள்.

ஜூலை 9, புதன்

ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடலாம். "தப்பாக் கேட்டுட்டேன் கவி" என்றால் போதும். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவன் என் அப்பாவுக்கு போன் போட்டபோது ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பானா?

ஜூலை 13, ஞாயிறு

கிழக்கைத் திறந்தான்.

வெள்ளம் வந்தது. எலியாஸின் தொப்பி மட்டும் மிதந்தது. நோரா கத்துகிறாள், பூபாலன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறான். திரை ஓரத்தில் வசவு மழை. நான் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது.

"இது என்ர தப்பில்லீங்க" என்றான் கேமராவைப் பார்த்து. "நாங் கட்டிக்கப்போற பொண்ணு சொன்னது. எக்ஸ்போர்ட் கம்பெனில இங்கிலீஷ் மெயில் போடறவங்களாமா. இருங்க, அவங்களையே கேப்போம்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "ஏ கவி, உனக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா? லைவ்ல இருக்கற, சொல்லு."

அவள் என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"நாந்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் கவி.

"இதக் கட்டிக்கிட்டு என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க மக்களே" என்று அவன் சிரித்தான். சிரிக்கும் பொம்மைகள் திரையை நிறைத்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன். மாடிப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு வந்த போன், நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னது, எல்லாம்.

கவி கத்தவில்லை. "அவரு மேல கோவம்னா அவர்கிட்டயே போயிருக்கலாமில்ல. என்ர வாயில எதுக்கு வெச்சுக் குடுத்த?"

"நீ ஏன் என் பேரச் சொல்லல?"

"நீ வேணும்னே சொன்னயின்னு எனக்குத் தெரியாதே. உனக்கும் தப்பாத்தான் கேட்டிருக்கும்னு நெனச்சேன். ஆயரம் பேரு பாக்கறப்ப உன்னையும் எதுக்கு இழுக்கறதுன்னு வுட்டுட்டேன்."

மத்தியானம் தன் நாற்காலியை அந்தக் கோடி மேஜைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 17, வியாழன்

பேசுவதில்லை. மெயிலில் மட்டும் "Noted" என்று பதில் வருகிறது.

கோபம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. என் வீட்டுக்குள் எனக்குச் செய்ததையே அவளுக்கு ஊரைக் கூட்டி வைத்துச் செய்திருக்கிறான். வசதியாக, நான் எடுத்துக் கொடுத்ததை வைத்து.

ஜூலை 20, ஞாயிறு

அவன் லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் முழுப் பெயரில் எழுதினேன். "எலியாஸ் விஷயத்தில் தப்பாக அர்த்தம் சொன்னது கவிப்பிரியா இல்லை, நான். வேண்டுமென்றே சொன்னேன். இந்தச் சேனலில் முதலில் கேட்ட குரல் என்னுடையது. நான் ஏன் போனேன், என் அப்பாவுக்கு யார் போன் செய்தார்கள் என்று பூபாலனிடம் கேளுங்கள்."

அழித்தான். அதற்குள் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். மறுபடி மறுபடி அதையே போட்டார்கள். "அந்த அக்கா எங்க போனாங்கன்னு நானும் கேட்டேனே" என்று ஒருவர். "போன் பண்ணீங்களா இல்லையா ப்ரோ?" என்று இன்னொருவர். ஒரே கேள்வி, நூறு பேரிடமிருந்து. நெட் சரியில்லை என்று சொல்லி லைவை மூடினான். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஆனால் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

சாயங்காலம் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். பிறகு, "ஒருத்தன் போன் போட்டதும் நம்பிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

கவியின் கல்யாணம் நின்றுவிட்டதாக கம்பெனியில் பேச்சு. அவள் வீட்டிலிருந்தே நிறுத்தினார்களாம். லைவில் அவன் பேசியதை அவள் தாய்மாமன் முழுதாகப் பார்த்தாராம். என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

ஜூலை 31, வியாழன்

மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில், சாம்பிளைக் கொடுக்க வந்த கவி அப்படியே நின்றாள்.

"அந்தக் கெழவன் பொழைக்கற மாதிரி நீ வெளையாடுனியாமே. மறுக்கா மொதல்ல இருந்து வெளையாடலாமா?"

"ஆடலாம்."

"ஞாயித்துக்கெழம வாறேன்" என்றாள். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா இரண்டு பேருக்கும் வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள்.

கன்ட்ரோலர் கவி கையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நோராவுக்கு நீச்சல் தெரியாது என்றேன். கவி நிறுத்தினாள். தன் போனில் அந்த வார்த்தையைப் போட்டு அர்த்தம் பார்த்தாள். பிறகுதான் ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

அடுத்த வரிக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும்.

நான் காத்திருந்தேன்.