ஒரே விசிலுக்கு இரண்டு சட்டம்

அனுப்புநர்
உடற்கல்வி ஆசிரியர் (பிள்ளைகள் வழக்கில் "விசில் சார்"),
நடுநிலைப் பள்ளி,
நான்குமுனைச் சந்திப்பு.

பெறுநர்
உதவி ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துக் காவல் பிரிவு.

பொருள்: பள்ளி முன்னுள்ள சந்திப்பில் நான்கு மாதமாக சிக்னல் எரியாதது, அதற்குப் பதிலாக ஊதப்படும் விசிலால் மாணவர்கள் நடுச்சாலையில் நின்றுவிடுவது, இதில் மனுதாரருக்கும் பங்கு உண்டு என்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. எங்கள் சந்திப்பின் சிக்னல் கம்பம் நான்கு மாதமாகக் காக்கை உட்கார மட்டுமே பயன்படுகிறது. காக்கைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கீழே மூன்று பள்ளி வேன்கள், இரண்டு பேருந்துகள், எண்ணற்ற இருசக்கர வாகனங்கள், எல்லாருக்கும் எப்போதும் பச்சைதான். தாங்கள் இரண்டு வாரம் முன்பு அனுப்பிவைத்த காவலர் தனி ஆளாக நான்கு திசைக்கும் முகம் கொடுத்து நிற்கிறார். கடமை தவறாத மனிதர். இந்த மனு அவர் மீது அல்ல.

2. அவர் ஒரு நீள விசில் ஊதினால் வாகனம் நிற்கவேண்டும், நடப்பவர் கடக்கலாம். இரண்டு குட்டை விசில் ஊதினால் நடப்பவர் நிற்கவேண்டும், வாகனம் போகலாம். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை, எங்கள் பள்ளியின் முந்நூற்று நாற்பது பிள்ளைகளைத் தவிர.

3. காரணம் அடியேன். ஆறு ஆண்டுகளாக என் மைதானத்தில் ஒரு நீள விசில் என்றால் நின்ற இடத்தில் சிலை. இரண்டு குட்டை விசில் என்றால் ஓட்டம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஆடக்கூடாது என்பது விதி. போன ஆண்டு அதிக நேரம் சிலையாக நின்று கோப்பை வாங்கியவள் ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள். வீட்டில் குக்கர் நீளமாகக் கத்தினால்கூட தட்டும் கையுமாக நின்றுவிடுவாள். நானும் அவள் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

4. சென்ற வாரம் காவலர் பள்ளி வாசலுக்கே வந்து, "சார், போங்கன்னு ஊதுனா நிக்கிறாங்க, நில்லுங்கன்னு ஊதுனா ஓடுறாங்க. வேணும்னே பண்றாங்க" என்று முறையிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளைகளுக்கா ஒழுக்கம் இல்லை என்று, மறுநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் நானே மூலையில் போய் நின்றேன்.

5. காவலர் இரண்டு குட்டை விசில் ஊதினார். முன்வரிசைப் பிள்ளைகள் சாலையில் பாய்ந்தார்கள். பதறிப்போன காவலர், வருகிற வண்டிகளை நிறுத்த நீளமாக ஊதினார். பாய்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நடுச்சாலையில் சிலையானார்கள். அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஆறு ஆண்டு பயிற்சி கொடுத்துச் செய்திருக்கிறேன்.

6. ஆட்கள் கத்திய கத்தலில் மற்றவர்கள் கலைந்து ஓடினார்கள். என் மகள் மட்டும் அசையவில்லை. இடப்பக்கமிருந்து தண்ணீர் லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் விசில் தொங்கியது. இரண்டு முறை ஊதினால் அவள் ஓடிவிடுவாள். ஆனால் நடைபாதையில் நின்ற இன்னும் நாற்பது பேரும் சாலைக்குள் ஓடுவார்கள். ஊத முடியாமல் நானே ஓடினேன். லாரி ஓட்டுநர் புண்ணியவான், பிரேக்கை மிதித்துவிட்டார். லாரிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு புத்தகப்பை வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

7. அவளைத் தூக்கிக்கொண்டு நடைபாதை ஏறினேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. "அப்பா, நான் கொஞ்சம்கூட அசையல, பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஐயா, அங்கேயே கழுத்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

8. மறுநாளே விசிலை விட்டுக் கைத்தட்டலுக்கு மாறிவிட்டேன். ஆனால் ஆறு ஆண்டுப் பழக்கம் ஆறு நாளில் போகாது. எனவே தாங்கள் தயவுகூர்ந்து சிக்னலைப் பழுதுபார்த்து, நடப்பவருக்கென்று தனி விளக்கும் வைக்கவேண்டும். அதற்கு இருபத்தைந்து நொடியாவது தரவேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன், முதல் வகுப்புப் பிள்ளை பையோடு கடக்க இருபத்திரண்டு நொடி ஆகிறது. இப்போது கிடைப்பது பன்னிரண்டு. அதுவரை பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் காவலர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கையால் மட்டும் சைகை காட்டும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அவரிடம் பேசிவிட்டேன், மேலிடம் சொன்னால் சம்மதம் என்கிறார். சாலை கடக்கும் இடத்தில் அழிந்துபோன வெள்ளைக் கோடுகளையும் போட்டுத் தந்தால் நல்லது. சுண்ணாம்பும் ஆளும் இல்லையென்றால் சொல்லுங்கள், மைதானத்துக்குக் கோடு போடுபவன் நான்தான்.

என் பங்குத் தவறுக்குத் தாங்கள் எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். சிக்னலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நில் என்றால் நிற்கும் பிள்ளைகள் இவர்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உடற்கல்வி ஆசிரியர்
(ஒப்பம்)

இடம்: பள்ளி மைதானம்
நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை

இணைப்பு: பித்தளை விசில் ஒன்று, கயிற்றுடன். சிக்னல் எரியும் வரை தங்கள் மேசையிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் சாலையில் இருக்கும் நேரத்தில் தயவுசெய்து ஊதிப் பார்க்க வேண்டாம்.