கானில் இறங்காத மனிதர்

அண்ணே,

இன்று காலை நம் மலையில் கோப்பிக் கட்டைகளைக் கொளுத்தினார்கள். இலையில் மஞ்சள் பொடி அப்பியது போல ஒரு நோய் வந்து தோட்டமே மொட்டையாகிவிட்டது. இனித் தேயிலையாம். புகை என் அறைக்குள் வந்ததும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். இந்தக் கோப்பியில் சோறு தின்ற கணக்குப்பிள்ளை நான். வரவில்லை. உடனே உங்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் என்ன, எழுதுகிறேன். இருந்த காலத்திலும் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே.

நான் இந்த ஹேவாஹெட்டைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நீங்கள் கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்காரர். நீங்கள் தானியம் விதைத்து வந்த சேனைக்காட்டை வெட்டித்தான் கோப்பி வைத்திருந்தார்கள். அது உங்கள் எருமைக்குத் தெரியாது. பழைய மேய்ச்சலுக்கே வரும். சுடச் சொல்லித் துரை உத்தரவு. துப்பாக்கிக்காரன் வருவதற்குள் நான் கல்லெறிந்து விரட்டிவிடுவேன். ஒரு நாள் நீங்கள் கித்துல் கருப்பட்டியோடு வந்து, கம்பளைச் சந்தையில் பாக்கு விற்றுப் பழகிய தமிழில், தம்பி என்பதை மட்டும் உங்கள் சிங்களத்திலேயே வைத்து, "மல்லி, என்ட எருமைக்கு நீங்க தான் காவல் தெய்வம்" என்றீர்கள். கிண்டலா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காடு போனபோது நீங்கள் பொறுத்தீர்கள். பிறகு துப்பாக்கிக்கு வரி வந்தது, கடைக்கு வரி வந்தது, வருஷத்தில் இத்தனை நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. கடைசியில் நாய்க்கும் வரி. "நாய் எங்கட சோத்தத் தின்னுது, எங்கட வாசலக் காக்குது. சீமை ராணிக்கு அதில என்ன பங்கு?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடுதான் ஊராரைச் சேர்த்துக்கொண்டு, வெறுங்கையோடு, கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்கு நியாயம் கேட்கப் போனீர்கள். திரும்பி வந்தபோது சிரிப்பில்லை. "காது குடுக்கல்ல மல்லி. அடிச்சு வெரட்டினாங்க" என்றீர்கள். அந்த மாதக் கடைசியில், மாத்தளைப் பக்கம் வெள்ளைக்காரனை எதிர்த்து ஒருவருக்கு ராஜாவாக முடி சூட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாட்டுத் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

"யானையோடு மோதப் போறீங்க அண்ணே" என்று நான் தடுத்துப் பார்த்தேன்.

"யானையக் கட்டுறதும் மனிசன்தான்" என்று போய்விட்டீர்கள்.

அந்தப் போர் சில நாளில் முடிந்தது. பட்டாளம் ஊர் ஊராகத் தேடியது, அகப்பட்டவர்களைச் சுட்டது. ஒரு விடியற்காலை கொட்டும் மழையில் தோளில் காயத்தோடு என் வாசலில் நின்றீர்கள். நான் வீரனல்ல, அண்ணே. முதலில் என் கை கதவைச் சாத்தத்தான் போனது. உங்கள் பல் குளிரில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. என்னிடம் இருந்த ஆயுதம் பேர்ப்பதிவுப் புத்தகம் ஒன்றுதான். முந்தின வாரம் காய்ச்சலில் செத்த கருப்பையாவின் பெயரை அதில் நான் இன்னும் அடிக்கவில்லை. அந்தப் பெயரை உங்களுக்குக் கொடுத்தேன். அவன் மனைவி முத்தம்மா ஆட்கள் குடியிருக்கும் அதே லயத்து வரிசையில்தான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நான் செய்த பெரிய தப்பு.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் "கருப்பையா!" என்று கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றீர்கள். முத்தம்மா என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் அன்று என்னால் பெயர் வாசிக்க முடியவில்லை. கங்காணிதான் வாசித்து முடித்தார்.

நாலாம் நாள் துரை குதிரையில் வந்தார், கூடவே ஒரு பட்டாளத்துக்காரன். குதிரை வந்தால் ஆட்களெல்லாம் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். நானும் கங்காணியும்கூடக் குடையை மடக்கிக்கொண்டு இறங்கினோம். கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் நடுப்பாதையில் நிற்கிறீர்கள். எல்லாம் சொல்லிக்கொடுத்த நான் இதைச் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன்.

"யார் இவன்?" என்றார் துரை. பட்டாளத்துக்காரன் உங்கள் தோளையே பார்த்தான். உண்மையைச் சொல்லி என் தலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். முப்பது வருஷமாக உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன், மன்னியுங்கள்.

அப்போது கானுக்குள்ளிருந்து முத்தம்மா ஏறி வந்தாள். "எம் புருசன் தொரே, கருப்பையா. காச்சல்ல காது போயிருச்சு. மரம் விழுந்து தோளும் போச்சு" என்று சொல்லி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தாலி அறுத்த கழுத்தை முந்தானையால் மூடியிருந்தாள். குதிரை உங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

ஏன் நின்றீர்கள் என்று பிறகு சண்டை பிடித்தேன். "வேணுமெண்டு நிக்கல்ல மல்லி. மறந்துட்டன். அது எங்கட சேனைக்குப் போற பாதை" என்றீர்கள்.

பட்டாளம் போனது. வீடு திரும்பினீர்கள். நாய் வரியையும் எடுத்துவிட்டார்கள். சித்திரைப் பிறப்புக்குப் பாற்சோறு கொண்டுவந்து, "தங்கச்சி" என்று முத்தம்மா கையில் முதலில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "தோத்துட்டம், சரி. ஆனா நாய்க்கு விடுதலை வந்துட்டுது பாருங்க. மனிசனுக்கும் வரும்." அதன் பிறகு ஒரு சித்திரைகூட நீங்கள் வராமல் இருந்ததில்லை, இந்த வருஷம் தவிர.

போன கிழமை தேயிலைக்கு வந்த புதுத் துரை அதே பாதையில் குதிரையில் வந்தார். நான் இறங்கவில்லை. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், பொய். குடையைக்கூட மடக்கவில்லை. எனக்குப் பின்னால் கட்டை பிடுங்க வந்த ஆட்கள் ஒரு காலைக் கானில் வைத்தவர்கள், என்னைப் பார்த்து, அந்தக் காலை மேலே எடுத்தார்கள்.

அண்ணே, குதிரை ஒதுங்கிப் போயிற்று.